கொறடக்காவின் இரண்டாவது கை

கயிற்றின் நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டே அவர் கன்றைத் திட்டுகிறார். "நில்லு, நில்லுன்னா நில்லேன்" என்று சொல்ல நினைப்பது, கயிற்றின் இருபுறமும் கசிந்து, "இல்லு, இல்லுன்னா இல்லே" என்று வெளிவருகிறது. கன்றுக்கு அந்த உச்சரிப்பே தாய்மொழி; நின்றுவிடுகிறது. இடக்கை கயிற்றின் மறுமுனையை முளைக்குச்சியைச் சுற்றிக் கொண்டுவந்து, பல்லிலிருந்து நீளும் பகுதிக்கு அடியில் நுழைத்து இழுக்கிறது. தலையைப் பின்பக்கமாக ஒரு வெட்டு வெட்டுகிறார். முடிச்சு இறுகுகிறது. வலக்கை இவற்றில் எதிலும் கலந்துகொள்வதில்லை. அகலமான துணிப்பட்டை ஒன்றால் மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டு, விரல்கள் சற்றே மடங்கிய நிலையில் அது ஓய்வெடுக்கிறது.

ஆணி பிடுங்கவும் கம்பி முறுக்கவும் பயன்படும் குறடு, பேச்சில் கொறடு ஆகிறது. அதனோடு அக்கா சேர்ந்து கொறடக்கா. இந்தப் பெயரைச் சொன்னால்தான் ஊரில் அவர் வீட்டுக்கு வழி சொல்வார்கள். அவருக்கும் அதில் மனத்தாங்கல் கிடையாது. "நொண்டிக்கைன்னு கூப்பிடாம கொறடுன்னு கூப்பிடுறாங்களே டீச்சர், அது வேலை செய்யிற பேருதானே?" என்பார், பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான என்னிடம்.

ஐம்பதைக் கடந்த உடல். மெலிந்தது, ஆனால் இடத்தோளும் கழுத்தும் மட்டும் மல்யுத்தம் பழகியவருடையவைபோல் திரண்டிருக்கின்றன. ஆண்கள் அணியும் பெரிய பொத்தான் வைத்த சட்டைகளையே அணிகிறார். கணவர் இறந்த சில ஆண்டுகளுக்குப் பிறகு, இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து சென்றபோது நேர்ந்த விபத்தில் தோளின் நரம்புகள் அறுந்தன. அன்றுமுதல் வலக்கைக்கு உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'வீட்டோடு மாப்பிள்ளை'.

"குளிப்பாட்டணும், எண்ணெய் தேய்க்கணும், சட்டை மாட்டணும். அடுப்புப் பக்கம் போனா சுட்டுக்காம நாமதான் பார்த்துக்கணும். ஒரு துரும்பை எடுத்து இந்தப் பக்கம் போடமாட்டாரு. அதுலயும் பாருங்க, வேலைக்குத்தான் வரமாட்டாரு, வலிக்கு மட்டும் முதல் ஆளா வந்துடுவாரு!" தொட்டால் தெரியாத கை, தானாக வலிக்கிறது. மருத்துவர்கள் இதற்குக் காரணம் சொல்லியிருக்கிறார்கள், மருந்துதான் சொல்லவில்லை. மழை நெருங்கும் நாள்களில் அந்தக் கை வீங்கி நீலம் பாரிக்கும். அப்போது அவர் துணிப்பட்டையைத் தளர்த்திக் கையை மடியில் கிடத்தி, பூனையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருப்பார்.

வீடு ஓர் ஏக்கர் நிலத்தின் நடுவே இருக்கிறது. இரண்டு கறவை மாடுகள், ஒரு கன்று, கோழிகள், காய்கறிப் பாத்திகள், ஒரு கிணறு. பொருள்கள் அனைத்தும் ஒற்றைக் கைக்கு ஏற்ப மாற்றி அமைக்கப்பட்டவை. விறகைப் பழைய லாரி டயருக்குள் செங்குத்தாகச் செருகிவைத்துச் சிறு கோடரியால் பிளக்கிறார். கட்டை சாய்வதற்கு இடமில்லை. அரிவாள் ஒரு மரத்தூணில் பதிக்கப்பட்டிருக்கிறது; அரிவாளைப் புல்லிடம் கொண்டுசெல்லாமல் புல்லை அரிவாளிடம் கொண்டுவருகிறார். மண்வெட்டியின் நீண்ட காம்பு அக்குளில் அடங்கும். பால் கறக்கும்போது வாளி முழங்கால்களுக்கிடையே இருக்கும். ஊரில் மற்ற மாடுகள் இருகைக் கறவைக்குப் பழகியவை. இவை ஒருகைத் தாளத்துக்குப் பழகியவை. வேறொருவர் வந்து இரு கைகளாலும் கறந்தால், அவசரப்படுத்துவதாக எண்ணியோ என்னவோ, உதைத்துவிடும்.

இரண்டாவது கை வேண்டிய இடங்களிலெல்லாம் பல் வந்துவிடும். தீவன மூட்டையின் தையலைப் பிரிப்பது பல். முள்வேலிக் கம்பியை முறுக்குவது பல். மின்சாரம் இல்லாத நேரத்தில் கிணற்றில் நீர் இறைக்க வேண்டுமானால், ஒரு முழம் கயிற்றை இழுத்துப் பல்லால் பற்றி நிறுத்தி, கையைக் கீழே இறக்கி மறுமுழம் பிடிக்கிறார். வாளி கிணற்றுக்கு வெளியே வரும்வரை அதன் முழுப்பாரமும் மாறி மாறி அந்த முன்பற்களில் தொங்கும். பார்ப்பவருக்குத் தாடை கூசும்.

அவருக்கு ஒரு தம்பி. நகரத்தில் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவர். கண்ணில் பட்ட எதையும் கழற்றிச் சரிசெய்துவிடக் கூடியவர். அக்காவை மட்டும் அவரால் சரிசெய்ய முடியவில்லை. காலையிலும் மாலையிலும் தொலைபேசியில் அழைப்பார். அக்காவின் ஒரே கை அந்த நேரத்தில் பால்மடியில் இருக்கும். மணி அடித்து ஓய்ந்ததும் அடுத்த அழைப்பு எனக்கு வரும். "டீச்சர், அக்கா எடுக்கல. கொஞ்சம் எட்டிப் பாருங்க டீச்சர். ஓடிப் பாருங்க." என் வயதில் ஓடுவது இயலாது. ஆயினும் வேகமாகவே நடந்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் அவர் மாட்டின் வயிற்றில் தலையைச் சாய்த்து, "அடிக்கட்டும் விடுங்க, சத்தம் கேட்டா மாடு நல்லா பால் விடுது" என்பார்.

தம்பியின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, உணர்ச்சியற்ற கை உடலுக்கு அடியில் மாட்டிக்கொள்ள, எழ முடியாமல் வெகுநேரம் கிடந்தார். எதிர்பாராமல் வந்த தம்பிதான் தூக்கினார். அன்று அவர் கிணற்றுச் சுவரில் அமர்ந்து அழுதுவிட்டுச் சொன்ன சொல் இது: "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சு, நான் கேட்கவே மாட்டேன்கா. மாட்டை வித்துட்டு உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவேன்." அக்கா மறுத்துப் பேசவில்லை. அவருக்கு வாய்மூடத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் கன்று அவிழ்த்துக்கொண்டு போய்ப் பாலை முழுவதும் குடித்துவிட்டது. "திருட்டுப் பய, முடிச்சவிழ்க்கக் கத்துக்கிட்டான்" என்றார் கொறடக்கா. மறுவாரமும் அப்படியே நடந்தது. கன்றுகள் முடிச்சு அவிழ்ப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பிறகுதான் கவனித்தேன். கயிற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல், காலால் மிதித்துக்கொண்டு குனிந்து சுற்றினார். தீவன மூட்டையைப் பிரிக்காமல் கத்தியால் கிழித்தார். தேநீரில் ரொட்டியை ஊறவைத்துக் கூழாக்கி விழுங்கினார். மேலுதடு ஒரு பக்கம் தடித்திருந்தது.

"பல்லா?" என்று கேட்டேன்.

"கொசு கடிச்சிருக்கும்."

"கொசு கடித்தால் ரொட்டியை ஏன் ஊறவைக்க வேண்டும்?"

மாட்டைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில், "ஆடுது டீச்சர். முன்பல்லு ரெண்டும் ஆடுது. தம்பிகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். பல் போனால் சொல் போகும் என்பார்களே என்று நான் எதையோ இலேசாகச் சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "சொல்லு போனா போகட்டும். வாயாடி ஒழிஞ்சான்னு ஊரே நிம்மதியா இருக்கும். எனக்குப் பல்லு போனா மாடு போகும். மாடு போனா நான் இங்க எதுக்கு?"

வீக்கம் கண்ணுக்குக் கீழே ஏறிய பிறகே பல் மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். மருத்துவர் இளம்பெண். வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்தவர் திகைத்துப்போனார்.

"என்னத்தைம்மா கடிச்சீங்க?"

"கயிறு."

"கயிறா?"

"கயிறு, சாக்கு, கம்பி. குழாய் இறுகிப் போச்சுன்னா குழாய்."

"இது வாயா, பட்டறையா?" என்றார் மருத்துவர். முன்பற்கள் இரண்டும் வேரோடு சீழ் பிடித்திருப்பதையும், எடுக்காவிட்டால் பக்கத்துப் பற்களுக்கும் பரவும் என்பதையும் பொறுமையாக விளக்கினார். புண் ஆறும்வரை எதையும் கடிக்கக் கூடாது. ஆறிய பின் கட்டுப்பல் வைத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அசல்போலவே இருக்கும்.

"அந்தப் பல்லு எத்தனை கிலோ இழுக்கும்?" என்று கேட்டார் கொறடக்கா.

மருத்துவர் முதலில் சிரித்தார். பிறகு அந்தத் துணிப்பட்டையைக் கவனித்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அது சாப்பிடுறதுக்கும்மா" என்று மட்டும் சொன்னார்.

மரத்துப்போகும் ஊசி போட்ட சில நிமிடங்களில் கொறடக்காவின் முகம் வெளிறியது. இடக்கை என் மணிக்கட்டைப் பற்றியது. எலும்பு நொறுங்கும் என்று பட்டது. "டீச்சர், உதடு எங்க? உதட்டைக் காணோம். இதே மாதிரிதான் அன்னிக்கும் இருந்துச்சு. ரோட்டுல கிடக்கேன், கை எங்கன்னு தேடுறேன், பக்கத்துலயே கிடக்குது." உதடு இருக்கிறது, மருந்தால் மரத்திருக்கிறது, சற்று நேரத்தில் திரும்பிவிடும் என்று மருத்துவரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். அவர் நம்பவில்லை. பல் இரண்டும் வெளியே வந்து, தையலும் போட்டு, வீடு திரும்பும் வழியெல்லாம் விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே வந்தார். வீட்டு வாசலில் உதடு கூசியபோதுதான் மூச்சு விட்டார்.

தொலைபேசியில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பயனில்லை. "அக்கா பேச்சுல காத்து வருதே, என்ன டீச்சர்?" என்று தம்பி கேட்டார். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மெய் சொல்லவும் அனுமதியில்லை. நான் தயங்கிய தயக்கமே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் பிற்பகல் வந்துவிட்டார்.

அதற்கு முந்தைய நாள்தான் கோடைக்கான வைக்கோல் வந்து இறங்கியிருந்தது. கொட்டகைக்கு அருகே ஆள் உயரத்துக்குமேல் போர் போட்டிருந்தார்கள். அது நனைந்து அழுகினால் கோடையில் மாடுகளுக்குத் தீனி இல்லை. விற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. மேலே தார்ப்பாய் விரித்திருந்தது. கயிறுகளை இழுத்துக் கட்டப் பல் இல்லாததால், கம்பங்களில் சும்மா சுற்றிவிட்டு ஓரங்களில் கல் வைத்திருந்தார் கொறடக்கா.

"வாயைக் காட்டு" என்றார் தம்பி.

"மாட்டைப் பிடிச்சுப் பார்க்குற மாதிரி பார்க்காதேடா."

"காட்டுக்கா." காட்டினார். தம்பியின் முகம் கோணியது. "பல்லை நம்பி யாராவது பண்ணையம் பண்ணுவாங்களா? சொல்லு!"

"ரெண்டு கையை நம்புனவங்கள்லாம் எங்க இருக்காங்க? டவுன்ல ஃப்ரிட்ஜைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க."

"விளையாடாதேக்கா. எனக்குத் தூக்கம் இல்லை. போன் அடிச்சு நீ எடுக்கலைன்னா என் நெஞ்சு எப்படி அடிச்சுக்குது தெரியுமா? வியாபாரிகிட்ட பேசிட்டேன். நாளைக்கு வந்து மாட்டைப் பார்ப்பாரு."

கொறடக்காவின் முகத்தில் இரத்தம் வற்றியது. பதில் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் காற்று வந்தது. மேற்கே கறுத்திருந்ததை மூவரும் கவனிக்கத் தவறியிருந்தோம். தார்ப்பாயின் ஒரு முனை கல்லை உருட்டிவிட்டு எழுந்து, பெரும் பறவையின் சிறகுபோல் அடித்துக்கொண்டது. மாடுகள் கதறின.

நான் அருகிலிருந்த முனையைப் பிடித்து, அதன்மேலேயே அமர்ந்துவிட்டேன். என் உடல் எடை அவ்வளவு பயன்பட்டது என் வாழ்வில் அந்த ஒரு முறைதான். தம்பி எதிர்முனைக்குப் பாய்ந்து, இரு கைகளாலும் பாயை இறக்கிக் கம்பத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். காற்று அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. கொறடக்கா கயிற்றை எடுத்துக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டுவந்து இழுத்தார். இனி முடிச்சு. ஒரு நுனியை யாராவது இறுகப் பிடித்தால்தான் மறுநுனியை அடியில் நுழைக்க முடியும். பழக்கத்தால் கயிறு வாய்க்குப் போயிற்று. தையலில் பட்டதும் உடல் துள்ளியது. முதல் துளிகள் வைக்கோலில் விழத் தொடங்கின.

"நான் விட்டா பாய் போயிடும்கா! சீக்கிரம்!"

"யாரு உன்னை விடச் சொன்னா? வாயைத் தொற."

"என்ன?"

"வாயைத் தொறடா!"

"அக்கா, கயித்துல சாணி..."

"தொற!"

தம்பி அக்காவைப் பார்த்தார். மழை அவர் கண்களில் இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு வாயைத் திறந்தார். கொறடக்கா கயிற்றை உள்ளே வைத்தார். தம்பி முன்பற்களால் கவ்வினார். கொறடக்கா மறுநுனியை எடுக்கப் போனவர், நின்று, மீண்டும் கையை நீட்டி, கட்டைவிரலால் அந்தக் கயிற்றை முன்பற்களிலிருந்து மெல்ல நகர்த்தித் தம்பியின் கடைவாய்ப் பற்களுக்கிடையே தள்ளிவைத்தார்.