சொம்புச் செடி பூத்த கோடை

பூட்டிய வீட்டுக்குள் பழுத்துக் கறுத்த பூவன்பழத்தின் வாசனை எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள். முதல் நாள் இனிக்கும், மூன்றாம் நாள் தலையை வலிக்கும், எங்கள் திருப்பாதிரிப்புலியூர்ச் சாக்கடையே தேவலாம் என்று தோன்றும். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா இறந்த மறு வருஷம், அம்மா சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். முழுப்பரீட்சை லீவு விட்டதும் என்னை மாடிப் போர்ஷனில் வைத்து, வெளியே பூட்டுப் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். "ஆம்பள இல்லாத வூட்டுப் பொண்ணு, தெருவுல நின்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்பாள். அந்த நாலு பேருடைய பிள்ளைகளும் கீழே நொண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் துணை ஒரு செடி. கடை முதலாளி வீட்டில் வேண்டாம் என்று அம்மாவிடம் கொடுத்தது, அன்னாசிக்குச் சொந்தக்காரச் செடி. இலைகள் சுற்றிலும் கூடி நடுவில் ஒரு குழி விட்டிருக்கும். தண்ணீரை மண்ணில் ஊற்றாமல் அந்தக் குழியில்தான் ஊற்ற வேண்டும், அதனால் எங்கள் வீட்டில் அதற்கு "சொம்புச் செடி" என்று பெயர். குழாயின் உப்புத்தண்ணீர் பட்டால் இலை நுனி கருகிவிடும் என்பதால், கேன் தண்ணீரில் எனக்கும் அதற்கும் பங்கு. கொசு முட்டையிடாமல் இருக்க வாரம் ஒருமுறை கவிழ்த்து, புதுத் தண்ணீர் நிரப்புவேன். அதற்கு வெயில் ஆகாது, அதுவும் என்னைப் போல உள்ளேயே கிடந்தது.

ஒருநாள் நான் அழுத அழுகையில் அம்மாவுக்குச் சலித்துவிட்டது. "அந்தச் செடி பூக்கட்டும்டி, அன்னிக்கே உன்ன வுடறேன்" என்றாள். வந்த நாளிலிருந்து அது பூத்ததே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாழைமண்டியில் வேலை பார்த்த மாமா வந்தார். கொண்டுவந்த சீப்பு காயாக இருக்கிறதே என்று அம்மா குறைப்பட்டபோது, "ரெண்டு பழுத்த பழத்தக் கூடப் போட்டு இறுக்கமா மூடி வையிக்கா, அந்த ஆவியில காயும் தானா வழிக்கு வந்துடும்" என்றார். காயை வழிக்குக் கொண்டுவருவது செடியைக் கொண்டுவராதா? மறுநாளே குழித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பக்கத்தில் பழுத்த பூவன்பழம் இரண்டை வைத்து, ஜவுளிக்கடையின் பெரிய கவரால் மூடி நாடாவால் கட்டி, சிலிண்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பத்து நாள். கவருக்குள் வியர்த்து, இலைகள் ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் அவிழ்க்கவில்லை. எனக்கு வெளியே போக வேண்டும்.

பத்தாம் நாள் அவிழ்த்து, தண்ணீர் ஊற்றிப் பழைய இடத்தில் வைத்த பிறகும் நான்கைந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. மே மாதக் கடைசியில் குழியின் நடுவிலிருந்து செக்கச்செவேலென்று ஒரு கதிர் எட்டிப் பார்த்தது. அம்மா வேலையிலிருந்து வந்த செருப்போடு நின்று பார்த்தாள். "நெசமாவே பூத்துடுச்சா?" என்றவள், அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள். மறுநாள் பூட்டவில்லை. "தெருமுனையத் தாண்டாத" என்று மட்டும் சொன்னாள். பள்ளி திறக்க ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அவள் கடையிலிருந்து மணிக்கொரு தரம் பக்கத்து வீட்டுக்கு போன் செய்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

பூ மூன்று மாதம் நின்றது, பிறகு செடியே காய்ந்தது. ஒருமுறை பூத்தால் அதன் ஆயுள் முடிந்தது, அடியில் குட்டி விட்டுவிட்டுப் போகும் என்று அப்போது தெரியாது. குட்டியோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிட்டோம். அவசரப்படுத்திச் சாகடித்தவள் நான்தான்.

அந்த மாடி வீட்டை இடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு இப்போது மறதி நோய். கடைக்கு நேரமாகிவிட்டது என்று சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றவளை இரண்டு முறை யாரோ புண்ணியவான்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அதனால் வேலைக்குப் போகும்போது நான் வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். "எப்பம்மா என்ன வுடுவ?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறாள். செடி பூக்கட்டும் என்று அவளாவது எனக்கு ஒரு கெடு சொன்னாள். நான் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகிறேன்.