பதினோராம் மாடி அட்டைப்பெட்டிகள்

எங்கள் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்களுக்குப் பெயர் கிடையாது. மாடிதான் பெயர். "மூணாம் மாடிக்குக் காய்ச்சலாம்", "ஒன்பதாம் மாடி வீடு மாத்தறாளாம்" என்றுதான் எங்களுக்குள் பேச்சு. நான் பின்பக்க லிஃப்ட்காரன். முன்பக்க லிஃப்டில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதை ஓட்டுகிறவன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஏறுகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைப்பான். என் லிஃப்டில் ஸ்டூலும் இல்லை, வணக்கமும் இல்லை. குப்பை மூட்டை, தண்ணீர் கேன், உடைந்த நாற்காலி, அப்புறம் இந்தப் பெண்கள். ஆனால் ஒன்று, கதவை மூடிவிட்டால் போதும், மனசில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். கேட்கிறவன் லிஃப்ட்காரன்தானே என்ற அலட்சியம்.

அப்படிக் கொட்டியவர்களில் முதலிடம் ஏழாம் மாடி அக்காவுக்குத்தான். கட்டையான உருவம், வேகமான நடை, அதைவிட வேகமான வாய். வாளியைக் கீழே வைக்கும் சத்தத்திலேயே அன்றைக்கு அவள் மனநிலை என்ன என்று தெரிந்துவிடும். புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாத நாளில் வீட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஆகையால் அந்த வீட்டில் அடுப்பெரிவது அக்காவின் சம்பளத்தில்.

சம்பளம் எல்லா மாடிக்கும் ஒன்றுதான். வாடகையும் அரிசியும் போனால் அதில் மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. கையில் நாலு காசு புரளுவது குப்பையால். ஒரு மாடியின் குப்பை அந்த மாடிக்காரிக்கே சொந்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் சூப்பர்வைசர்கூட அதில் கை வைக்க மாட்டார். அதனால் எந்த மாடியில் எந்தக் கம்பெனி இருக்கிறது என்பதுதான் எங்கள் பெண்களுக்குத் தலையெழுத்து. ஏழாம் மாடியில் இருப்பது கணக்குத் தணிக்கை ஆபீஸ். அங்கே காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரு மெஷினில் விட்டு நூலாகக் கிழித்துவிடுவார்கள். அந்த நூலைப் பழைய பேப்பர் கடைக்காரர் சீந்தக்கூட மாட்டார்.

பதினோராம் மாடி கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனி. அங்கிருந்து கீழே வருவது அட்டைப்பெட்டி. கெட்டியான, நனையாத, நல்ல எடையுள்ள அட்டைப்பெட்டி. அந்த மாடி யாருடையது? அக்காவின் சொந்த ஓரகத்தியுடையது. கொழுந்தன் பெண்டாட்டி. வயிற்றெரிச்சலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் கொடுமை என்னவென்றால், அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அக்காதான். "எந்த மாடியில போடலாம்?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, பதினோராம் மாடியில் போடச் சொன்னதும் அக்காதான். அங்கே தரை முழுக்க விரிப்பு, தூசி தட்டித் தட்டியே முதுகு ஒடியும், சின்னவள் கொஞ்சம் படட்டும் என்ற நல்லெண்ணம். அப்போது அங்கே இருந்தது குப்பையே சேராத ஒரு சின்ன ஆபீஸ். அடுத்த மாதமே அவர்கள் போய், கம்ப்யூட்டர்காரர்கள் குடிவந்தார்கள். அக்கா தன் தலையில் தானே அடித்துக்கொண்டதை நான் நேரில் பார்த்தேன்.

இருவருக்கும் வீடும் ஒன்றுதான். ஒரே வீட்டை நடுவில் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கி, அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தம்பிக்கு எங்கேயோ கிடங்கில் காவல் வேலை. தடுப்பு இருக்கிறதே தவிர, அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். சின்னவள் அட்டை விற்ற காசைச் சேர்த்துச் சேர்த்து ஒரு பழைய ஃபிரிஜ் வாங்கினாள். அதைத் தடுப்பை ஒட்டியே வைத்தாள், வேறு இடமில்லை. அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

"ராத்திரி பூரா உர்ர்ர்னு ஒரு சத்தம் தம்பி. அவ ஃபிரிஜ்ஜு ஓடலை, எங்க காதுக்குள்ள அவ பவிசு ஓடுது."

"சத்தம் வந்தா நீங்க தலையை அந்தப் பக்கம் வச்சுப் படுங்கக்கா."

"அந்தப் பக்கம் உங்க அண்ணன் குறட்டை."

சின்னவள் தினம் சாயங்காலம் ஒரு பாட்டிலில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து, "அக்கா, இந்தாங்க" என்று நீட்டுவாளாம். அக்காவுக்கு உடனே தொண்டை கட்டிக்கொள்ளும். கோடையிலும் தொண்டை கட்டியதாகச் சொன்ன ஒரே மனுஷி அவளாகத்தான் இருப்பாள். குழந்தைகள் மட்டும் வெட்கமில்லாமல் அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வரும். வந்ததும் முதுகில் ஒன்று வாங்கும்.

"உங்க மாடியும் நல்ல மாடிதானேக்கா" என்று நான் ஒருநாள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "அங்க எல்லாரும் உங்களை வாங்க போங்கன்னு பேசறாங்க. நீங்க ஒருநாள் வரலைன்னா, ஏன் வரலைன்னு என்னையே வந்து கேக்கறாங்க."

"பேச்சுதான் தம்பி இருக்கு அவங்ககிட்ட. பேச்சைக் கொண்டுபோய் எடைக்குப் போட முடியுமா?"

அதற்குள் ஏழு வந்துவிட்டது, கதவைத் திறந்துவிட்டேன்.

சில மாதங்களுக்கு முன்னால் பதினோராம் மாடிக்குக் கட்டுக்கட்டாக அட்டை வந்தது. இன்னும் பெட்டியாக மடிக்கவில்லை. விரித்து, தட்டையாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டிய புத்தம் புது அட்டை. என் லிஃப்டில்தான் ஏறியது, ஒரு நாள் முழுக்க. கீழே வரவேண்டிய அட்டை ஏன் மேலே போகிறது என்று நானும் யோசிக்கவில்லை. மேலே போனது எப்படியும் ஒருநாள் கீழே வரும் என்பதுதான் என் தொழிலில் நான் கற்றது.

அக்கா ஏதோ சாக்குச் சொல்லிப் பதினோராம் மாடிக்குப் போய், கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சுவர் ஓரமா மார்பளவுக்கு அடுக்கி வச்சிருக்காங்க தம்பி! அழுக்கு படாத அட்டை. ஒரு கிழிசல் இல்ல. அத்தனையும் அவளுக்கு. அடுத்தது வாஷிங் மெஷின் வாங்குவா பாரு. அதையும் அந்தத் தடுப்பு ஓரமாத்தான் வைப்பா."

அன்றிலிருந்து அக்கா வேறு எதையும் பேசவில்லை, பதினோராம் மாடி, பதினோராம் மாடி என்றுதான். ஏழாம் மாடியைத் துடைக்கும்போதும் நினைப்பெல்லாம் நாலு மாடி மேலே. மூத்தவளுக்கு ஒரு நியாயம் இல்லையா, சேர்த்துவிட்டவளுக்கு ஒரு பங்கு இல்லையா என்று தனக்குத் தானே வழக்குப் பேசி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். கடைசியில் ஒருநாள் காலை, இருவரும் ஒன்றாக என் லிஃப்டில் ஏறியபோது, நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"இந்தா, நாம மாடி மாத்திக்குவோம். எனக்குப் பதினொண்ணு, உனக்கு ஏழு. நாலு வருஷம் நீ அனுபவிச்சாச்சு."

சின்னவள் அதிகம் பேசாதவள். கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப வேணாங்க்கா. அந்த மாடி சரியில்ல. எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கறாங்க. மேசையில இருந்த பிள்ளைங்க போட்டோவெல்லாம் எடுத்துட்டுப் போறாங்க."

"போட்டோவை நான் என்ன பண்ணப் போறேன்? பெட்டியைப் பத்திப் பேசு."

ஏழு வந்தும் அக்கா இறங்கவில்லை. பதினொன்றில் கதவு திறந்ததும் சின்னவள் இறங்கிப் போனாள்.

"பாத்தியா தம்பி, கைவிட்டுப் போயிடுமோன்னு எப்படிப் பயம் காட்டறா!"

அக்கா நேரே சூப்பர்வைசரிடம் போனாள். வீட்டில் பேசி முடித்தாயிற்று, இரண்டு பேருக்கும் சம்மதம் என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள். சூப்பர்வைசருக்கு யார் எந்த மாடியைத் துடைத்தால் என்ன? மாதம் பிறந்ததும் மாற்றிவிட்டார். சின்னவள் மறுக்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போய்விட்டாள். பொய் சொல்லியும் சண்டை வராததில் அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அந்த ஒரு வாரம் அக்கா இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. வாளியைப் பூப்போல வைத்தாள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். பழைய பேப்பர் கடைக்காரரைப் பார்த்து, பெரிய வண்டியாக அனுப்பச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் கடையில் அவ்வளவு பெரிய தராசு உண்டா என்றுகூட விசாரித்தாளாம்.

"இப்ப பெட்டியெல்லாம் மடிச்சு ஒட்டிட்டாங்க தம்பி. உள்ள என்னமோ நிரப்பிட்டு இருக்காங்க. நிரப்பட்டும். நிரப்பினதைக் காலி பண்ணித்தானே ஆகணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, அவங்க காலி பண்றது பெட்டியையா, மாடியையா?" என்று கேட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், நானும் சின்னவள் கட்சி என்று முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. அன்றோடு டீயும் நின்றது.

இரண்டு நாள் கழித்து வாசலில் லாரி வந்தது, பழைய பேப்பர் கடை வண்டி இல்லை. சாமான் ஏற்றும் ஆட்கள் காலையிலிருந்து பெட்டி பெட்டியாக என் லிஃப்டில் இறக்கினார்கள். எல்லாம் டேப் ஒட்டி, மேலே நம்பர் போட்ட பெட்டிகள். கம்பெனிக்கு வேறு இடத்தில் வாடகை குறைச்சலாம். அக்கா பதினோராம் மாடியின் லிஃப்ட் வாசலில் துடைப்பத்தோடு நின்று, ஒவ்வொரு பெட்டியும் உள்ளே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நடையில் ஒரு ஆளைப் பிடித்து, "ஏம்ப்பா, அங்க போய் இறக்கினதும் பெட்டி காலிதானே? திரும்ப இங்க கொண்டாந்து போட்டுடுவீங்களா?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். கேலியாகக்கூடச் சிரிக்கவில்லை, ஏதோ தமாஷுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். அக்காவுக்குக் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

காலி மாடிக்கு ஆள் வைப்பதில்லை என்பது எங்கள் காண்டிராக்டர் கணக்கு, அக்காவுக்கு வேலை போயிற்று. "வேற ஏதாச்சும் மாடி காலியானா சொல்லி அனுப்பறேம்மா" என்றார் சூப்பர்வைசர். காலியாவது என்றால் வேலைக்காரி நின்றுபோவது. இந்தக் காலத்தில் யார் நிற்பார்கள்? நாலைந்து நாள் அக்கா வரவில்லை. பெயின்டருக்கும் அந்த வாரம் வேலையில்லையாம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல் சத்தமே கேட்கவில்லை என்று சின்னவள் என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிப் போயிருந்தது.

சூப்பர்வைசரிடம் அவள்தான் போய்ப் பேசினாள். ஏழாம் மாடியில் மதியம் வரைக்கும் அவள், மதியத்துக்கு மேல் அக்கா, சம்பளம் ஆளுக்குப் பாதி. ஒரு மாடிக்கு ஒரு சம்பளம் போனால் சரி என்று அவரும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் மதியம் அக்கா வந்தாள். வாளியை வைத்த சத்தத்தில் லிஃப்டே ஆடியது.

"கேட்டியா தம்பி சேதியை? பாதி குடுக்கறாளாம். இதுலயும் அவதான் மேல. குடுக்கற இடத்துல அவ, வாங்கற இடத்துல நான். ஃபிரிஜ்ஜைக்கூடப் பொறுத்துக்கலாம் தம்பி, அவ நல்ல மனசைத்தான் பொறுத்துக்க முடியல."

ஏழாம் மாடியில் கதவு திறந்தது. மாற்றி விடுவதற்காகச் சின்னவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அக்கா இறங்க, அவள் ஏற வேண்டும். அவள் ஏறவில்லை. வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இன்னும் என்ன குடுக்கப் போற?"

"அந்த மாடி சரியில்லன்னு ஒரு தடவைதான் உங்ககிட்ட சொன்னேன். வீட்ல வச்சு மறுபடியும் சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கு ஏழாம் மாடி மேல கண்ணு."

"எது மேல?"

"உங்க மாடி மேல. நாலு வருஷமா." சின்னவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பதினொண்ணுல நான் தரையைப் பெருக்கறப்ப காலைக்கூடத் தூக்க மாட்டாங்கக்கா. என் மூஞ்சி யாருக்கும் தெரியாது. உங்களை இங்க உக்கார வச்சுப் பேசறாங்க. ராத்திரி நீங்க இந்த மாடி கதையெல்லாம் சொல்லிச் சொல்லி மாமாவோட சிரிக்கறது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேக்கும். எனக்குத் தாங்காது. திரும்பிப் படுத்துக்குவேன். பொறாமைன்னே வச்சுக்குங்க."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்து நடக்கப்போவது அடிதடிதான் என்று நினைத்தேன். ஒரு வேலை பாதியாகப் போனதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டதே. அக்காவின் வாய் திறந்தபடி நின்றது.

"என் மேலயா?"

"ம்."

"என்னைப் பாத்தா பொறாமைப்பட்ட?"

"ஆமாங்க்கா."

"தம்பி, நீ கேட்டல்ல?" என்று என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து அடுத்தவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் தட்டிலும் ஒருத்தி கண் வைத்திருந்தாள் என்று தெரிந்துகொண்ட முகம். கோபம் வரப் பார்த்தது, வரவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றாள் சின்னவளிடம். அவள் அழுதுகொண்டே இன்னொரு தடவை சொன்னாள்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியை எடுத்தாள். "சரி சரி, வீட்டுக்குப் போ. சாயங்காலம் அந்த ஐஸ் தண்ணியை எடுத்து வை, வரேன்" என்று சொல்லிவிட்டு, பாதிச் சம்பளத்துக்கு வந்தவள் மாதிரியே இல்லாமல், மாடிக்கே சொந்தக்காரி மாதிரி உள்ளே நடந்தாள். "வாங்க வாங்க, எங்க போயிட்டீங்க இத்தனை நாளா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

சின்னவளைக் கீழே இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தினேன். காலியாக லிஃப்ட் மேலே ஏறியது. இந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷம் ஏறி இறங்குகிறேன். முன்பக்க லிஃப்ட்காரன் ஸ்டூலைப் பார்த்து நான் புழுங்காத நாளில்லை. என்னைப் பார்த்து யாராவது ஒரு நாளாவது வயிறு எரிந்திருப்பார்களா என்று அன்று முழுக்க யோசித்தேன், ஒருத்தர் பெயரும் நினைவுக்கு வரவில்லை.