முட்டையாகப் போன வட்டம்

போன வருஷம் சித்திரை வெயிலில், சோமனூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை, தறிகள் ஓடவில்லை. வாரம் முழுக்கச் சடசடத்துக் கிடக்கும் வீடு அன்றைக்கு மட்டும் தண்ணீருக்குள் மூழ்கினாற்போல இருக்கும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

என் வீட்டுக்காரருக்குத் தறிச் சத்தத்திலேயே காது போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தறிக்குடோனில் உதட்டையும் கையையும் பார்த்துத்தானே எல்லாரும் பேசிக்கொள்வோம்? அதனால் எங்களுக்கே வெகுநாள் தெரியவில்லை. தெரிந்தது கும்மியில்தான். ஊர்க் கும்மிக் குழுவில் நாங்கள் இரண்டு பேரும் ஆடுவோம். ஒரு கோயில் நோம்பியில், திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே, மேளம் கேட்காமல் அவருக்கு அடி தப்பி, பக்கத்தில் ஆடியவர் காலை மிதித்துவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்குச் சலங்கையைக் கழற்றியவர்தான். காது மெஷினும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். பேச்சும் குறைந்துபோனது. என் கண்ணெதிரிலேயே அந்த மனுஷன் தூரமாகப் போய்க்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் கோயிலில் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர், நெஞ்சில் கை வைத்து, "இங்க அடிக்குது அம்மணி" என்றார். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காதில் விழாத மேளத்தை உடம்பில் விழ வைத்தால் போதுமே என்று தோன்றியது. என் தம்பி காரை விற்றபோது கழற்றிக் கொடுத்த எட்டு இன்ச் பேஸ் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் பரணில் கிடந்தன. பெட்டி மட்டும்தான் வேண்டும். சூலூர் பிளைவுட் கடையில் பலகைகளை அளவாக அறுத்துக் கொடுத்தார்கள். "வட்டமெல்லாம் நாங்க வெட்டறதில்லைங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று கும்பிட்டுவிட்டார் கடைக்காரர். வட்டம்தானே, என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். தறிக்காரி புத்தி! எங்கள் வீட்டில் எதற்கும் முதலில் கை போவது நூலுக்குத்தான். பலகை நடுவில் ஆணி, அதில் கட்டிய நூல், நுனியில் பென்சில் என்று சுற்றி இழுத்தேன். வாடகைக்கு வாங்கிய ஜிக்சா மெஷினால் கோட்டின்மேலேயே அறுத்தேன். ஸ்பீக்கரை வைத்தால் ஒரு பக்கம் இறங்கவே மாட்டேன் என்றது, மறுபக்கம் விரல் போகிற சந்து.

கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். துளையைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு!

"வட்டம்னு சொல்லிப்போட்டு முட்டையில்ல போட்டு வெச்சிருக்கற! இழுத்தா நூல் நீளும்னு உனக்கு நான் சொல்லோணுமாக்கும்?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று உள்ளுக்குள் குளிர்ந்தது.

மிச்சப் பலகையில் இரண்டு பேரும் சேர்ந்து மறுபடி போட்டோம். நூலுக்குப் பதில் ஒரு மரச்சட்டம், ஒரு முனையில் ஆணி, மறுமுனையில் பென்சில் நுழைய ஓட்டை. ஸ்பீக்கரின் விளிம்பு பலகைமேல் உட்கார வேண்டுமே, அதனால் விளிம்பை விட்டு உள்வட்டத்தைத்தான் அளந்தோம். சட்டம் ஒரு சுற்றுச் சுற்றியதும் கோடு தொடங்கின இடத்துக்கே வந்து சேர்ந்தது. கோட்டுக்கு உள்ளே மயிரிழை விட்டு நான் அறுக்க, அவர் பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தார். "அவசரப்படாத, மெஷின் திணறுது" என்றார். காதுள்ள எனக்கு அது தெரியவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஸ்பீக்கரை வைத்தோம். கச்சிதமாக உட்கார்ந்தது.

பலகைகளைப் பெட்டியாகப் பூட்டி, ஆம்ப்ளிஃபையரை இணைத்து, ஒரு பெரிய பலகைமேல் வைத்து, செல்போனில் எங்கள் குழுவின் கும்மிப் பதிவைப் போட்டேன். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மிதந்த பஞ்சுத் தூசிகூட மேளத்துக்கு நடுங்கினாற்போல இருந்தது. என் பிரமையாகவும் இருக்கலாம். அவர் வெறுங்காலோடு பலகையில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். அசையவே இல்லை. தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"கேக்குதுங்களா?"

"கேக்கல அம்மணி. ஆனா கால்ல ஏறுது."

சொல்லும்போதே வலது கால் முன்னால் போனது. கைகள் சேர்ந்து தட்டின. ஓர் அடிகூடத் தப்பவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நானும் ஏறினேன். இரண்டு பேருக்கு அதில் ஏது இடம்? இடித்துக்கொண்டே ஆடினோம்.

இப்போதெல்லாம் ஞாயிறு மதியமானால் அவரே பாட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். பக்கத்தில் போய் நிற்கும்போதெல்லாம், தூரமாகப் போய்விட்டார் என்று நான் பயந்த மனுஷன் என் கையெட்டும் இடத்தில்தான் இருந்திருக்கிறார் என்று நினைத்து மனசு நிறைந்துபோகிறது.