வியாழக்கிழமை அழைப்பு

எண்களை அழுத்துவதற்கு முன் போன் அக்கா ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு லேசாகச் சிரிப்பார். சிரித்தால் குரல் இளகும் என்பார். மறுமுனையில் எடுக்கும்வரை அந்தச் சிரிப்பு அப்படியே காத்திருக்கும். எடுத்தது நோயாளி இல்லையென்றால் அவசரப்படாமல் அதை இறக்கி வைப்பார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவர். ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போனபிறகு, பெரிய டாக்டரின் ஆய்வுக்கு அவரை மாற்றினார்கள். நெஞ்சுவலியோடு வருகிறவர்களில் யாரையெல்லாம் அன்றே வீட்டுக்கு அனுப்பலாம் என்பதுதான் ஆய்வு. அப்படி அனுப்பியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மாதம் ஒருமுறை கேட்டுச் சொல்வது அக்காவின் வேலை. அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. எனக்கு வருபவை பெயரில்லாத குறியீடுகள் மட்டுமே.

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூடாது. ‘அவர்கிட்ட பேசலாமா?’ என்றுதான் கேட்க வேண்டும். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் ஆறுதல் சொல்லி, அந்த எண்ணை அதோடு விட்டுவிட வேண்டும். வீட்டாரை மறுபடி நோகடிக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் வைத்த விதி அது.

எங்கள் அறை பழைய எக்ஸ்ரே பெட்டிகள் கிடந்த இடம். ஜன்னல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சர்கள் ஓடும். மதியம் நர்ஸுகள் “வரேங்க்கா, சேர்ந்து சாப்பிடலாம்” என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். யாரும் வந்ததில்லை. அக்கா கோபித்துக்கொண்டதும் இல்லை. அப்படி ஓடிய காலம் அவருக்கும் உண்டு. வீட்டிலும் அவர் ஒற்றை ஆள்தான்.

“டிவியோடதான் சண்டை போடுறேன்ப்பா. அதுதான் எதிர்த்துப் பேசாது” என்பார்.

வாரத்தில் அவருக்கு வாய்த்த பேச்சுத்துணை ஒரே ஓர் அழைப்புதான். வியாழக்கிழமை மதியம். ஒரு காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்.

“அண்ணே, நான்தான்.”

“தெரியும்மா. வேற யாரு என்னைத் தேடப் போறா?”

“சமைச்சீங்களா?”

“நானே வெச்சு நானே தின்னேன். போன் எடுக்குற அளவுக்குத் தெம்பு மிச்சமிருக்கு.”

“அதையும் ஆராய்ச்சி பண்ணச் சொல்லணும் டாக்டரை.”

ஒழுகும் குழாய், மாடிப்படி, தூக்கமில்லாத ராத்திரி என்று பேச்சு போகும். மற்றவர்களுக்கு மாதம் ஒருமுறை, இவருக்கு மட்டும் வாராவாரம் என்றால் இதயம் ரொம்பப் பலவீனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வு முடிந்தது. போனை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். கடைசி வியாழக்கிழமை அக்கா மேஜையைத் துடைத்தார். ஏற்கெனவே நிரம்பியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். சாயங்காலம் ஆனபிறகுதான் எண்ணை அழுத்தினார்.

“அண்ணே, அடுத்த வாரத்துல இருந்து இந்த போன் இருக்காது.”

அங்கே ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“கெட்டுப் போச்சாம்மா?”

“இல்லண்ணே. வேலை முடிஞ்சுது.”

“அப்ப சரி.” அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. “உடம்பைப் பாத்துக்கம்மா” என்றார்.

வைத்தபிறகும் அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க சொந்த நம்பரைக் குடுத்திருக்கலாமேக்கா” என்றேன். நான் அதிகம் பேசுகிற ஆளில்லை. அதனாலோ என்னவோ திரும்பிப் பார்த்தார்.

“ஆய்வுல இருக்கறவங்களுக்குக் குடுக்கக் கூடாதுப்பா” என்று சொல்லிவிட்டுச் சார்ஜர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். அந்த மாதமே ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

ஆய்வுக்குப் பிறகு என்னை மாற்றியிருந்த கவுண்டரில், மழை நாள் ஒன்றில் வயதான ஒருவர் வந்து நின்றார். வியாழக்கிழமை பேசுகிற தங்கச்சி எங்கே என்று கேட்டார். குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். உட்காரவைத்து, நெஞ்சு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

“என் நெஞ்சுக்கு என்ன? வலி வந்தது என் தம்பிக்குப்பா. அவனை அடக்கம் பண்ணின வாரமே அந்தம்மா போன் பண்ணி, அவர்கிட்ட பேசலாமான்னு கேட்டாங்க. போயிட்டாம்மான்னு சொன்னேன். ஆறுதல் சொன்னாங்க. அப்புறம், நீங்க சாப்பிட்டீங்களாண்ணேன்னு கேட்டாங்க.”