இளம்பச்சை உடல், கருநீலக் கரை

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பூகோளம் சுட்டுப்போட்டாலும் வராது. மொரீஷியஸ் தீவை மட்டும் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். எல்லாம் அத்தை மகன் சொன்னது. அங்கே தமிழ் வாத்தியாராக இருந்தவர், எழுபதுகளின் தொடக்கத்தில் லீவில் காஞ்சிபுரம் வந்திருந்தார். அக்கா ஒருத்தி இருந்தும், நான் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அத்தை என்னை "மருமவளே" என்றுதான் கூப்பிடுவாள். அதனால் அவர் தறியோரம் வந்து உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தறிக்குழியில் இருந்து நெய்வார். நான் இடது பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே எறிவேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் கோத்துக்கொள்ளும் இடத்தில் பிசிறு தட்டக்கூடாது. அதுதான் கோர்வை.

"எங்க தீவுகூட கோர்வைதான்" என்றார் அவர். எரிமலை கக்கிய கறுப்புக் கல்லைப் பொறுக்கிக் குவித்துவிட்டுத்தான் அங்கே கரும்பு நடுவார்களாம். நடுவில் மேட்டு நிலம், ஓயாத மழை. மேற்குக் கரையோரம் காய்ந்து கிடக்குமாம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை. பாறைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் இளம்பச்சை, அந்தப் பக்கம் கருநீலம்.

"ஆறு வந்து கலக்குற எடத்துல மட்டும் பாறை இருக்காது. நல்ல தண்ணி பட்டா பவளம் வளராது."

"புயல் வந்தா?" என்றேன்.

"கதவைச் சாத்திக்கினு உள்ளயே உக்காந்துக்கணும். பயமா இருக்குதா?"

"எனக்கின்னா பயம்?"

அப்பா தலை நிமிரவில்லை.

அத்தை வீட்டிலிருந்து முகூர்த்தப் புடவைக்குப் பட்டு வந்தது. எங்கள் ஜனத்தில் அரக்குதான் கட்டுவார்கள். நானோ உடல் இளம்பச்சை, கரை கருநீலம் என்று அடம்பிடித்தேன். அப்பா மறுபேச்சில்லாமல் சாயம் தோய்த்து வந்தார். என் மேல் எவ்வளவு ஆசை என்று பூரித்துப்போனேன், மக்கு!

புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்று அம்மா முனையில் மஞ்சள் தடவினாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அக்கா கையில் கொடுத்தாள்.

அக்காவுக்கு வரன் தட்டிக்கொண்டே போயிற்று. மூத்தவள் இருக்க இளையவளா என்று அப்பாவும் அத்தையும் எப்போதோ அவருக்கு அக்காவையே பேசி முடித்திருந்தார்கள். அக்காவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த மனுஷன் எனக்குக் கடல் காட்டியிருக்கிறார்.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாப்பா?"

அப்பா தறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்லியிருந்தா நீ கரை எறிஞ்சிருப்பியாமா?"

 

கல்யாணம் முடிந்து மொரீஷியஸுக்குக் கிளம்பும் அன்று அக்கா அந்தப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஊரு எப்படிடி இருக்கும்? அவரு என்னாண்ட ஒன்னுமே சொன்னதில்ல" என்றாள்.

"கட்டிக்கினுதானே இருக்குற, குனிஞ்சு பாரு" என்றேன்.