கிலுகிலுப்பைச் சத்தம்

அண்ணியின் சாமி மாடத்தில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், கறுத்துப்போன ஒரு காய் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. உள்ளே விதைகள் உதிர்ந்து கிடப்பதால் ஆட்டினால் கிலுகிலு என்று ஒலிக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கோயில் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும் உண்டு. அண்ணி தடுக்கமாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் பொம்மனஹள்ளியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் குடியிருந்தோம். அண்ணன், அண்ணி, தங்கை நான். கீழே காலையிலிருந்து இரும்பைக் கடையும் சத்தம். தெருமுனையில் ஓசூர் ரோட்டு லாரிகளின் ஹாரன். எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். உப்பு கேட்பதுகூடச் சண்டை போலத்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா இரண்டே நாளில் தலையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்த இரைச்சலுக்கு நடுவேதான் அண்ணிக்குப் பையன் பிறந்து வளர்ந்தான்.

ஆறு மாதம் ஆகியும் அவன் எந்தச் சத்தத்துக்கும் திரும்பவில்லை. முதலில் கவனித்தவர் வீட்டு ஓனரம்மா. குக்கர் விசில் அடித்தபோது குழந்தை அசையாமல் கூரையைப் பார்த்துக் கிடந்ததைக் கண்டு, கன்னடமும் தமிழுமாக, "ஏனம்மா, மகுக்கு கிவி கேக்காதா?" என்று குழந்தையையும் தன் காதையும் தொட்டுக் காட்டினார். அன்றைக்கு அண்ணி சாப்பிடவில்லை. மறுநாளே சோதனை ஆரம்பித்தது. கைதட்டினோம், தாம்பாளத்தைத் தட்டினோம். அண்ணன் பட்டறையிலிருந்து சுத்தியலே வாங்கி வந்து தகரத்தில் அடித்தார். அவன் கட்டைவிரலைச் சப்பியபடி தூங்கிப்போனான். திரும்பாத ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய சத்தமாகத் தேடினோம். பட்டறைக்கு மேல் குடியிருப்பவர்களுக்கு வேறு யோசனை வராது. ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும்போது மட்டும் அவன் ஓயாமல் அழுவான். அது ஏன் என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்று முடிவானது. அதற்கு முந்தின நாளும் வழக்கம்போல அழுகை. அண்ணி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பின்னால் வீடு கட்டாமல் கிடந்த காலி சைட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன். மழைக்காலம் முடியும்போது அந்த இடம் முழுக்கக் கிலுகிலுப்பைச் செடி மஞ்சளாகப் பூத்துவிடும். அவரைப் பூவின் சாயலில், கொத்துக் கொத்தாக. யாரும் விதைத்ததில்லை. அப்போது தை மாத வெயில். பூ முடிந்து காய்கள் உப்பிக் காய்ந்து கறுத்திருந்தன. நடக்கையில் அண்ணியின் புடவை பட்டு ஒரு செடி லேசாக ஆடியது. கிலுகிலு. அவ்வளவுதான். குழந்தையின் அழுகை நின்றது. தலையைத் திருப்பி அந்தக் காயைப் பார்த்தான்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "நீ பின்னாடி போய் ஆட்டு, அவனுக்குத் தெரியாம" என்று, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார். ஒரு காயைப் பறித்து அவன் முதுகுப் பக்கம் போய் ஆட்டினேன். திரும்பினான். மறுபக்கம் போனேன். அங்கேயும் திரும்பினான், இந்த முறை சிரிப்போடு. "கேக்குதுடி! எம் புள்ளைக்குக் கேக்குதுடி!" என்று அண்ணி போட்ட கூச்சலில் ஓனரம்மா ஓடிவந்துவிட்டார். அந்தக் கூச்சலுக்கு மட்டும் அவன் அசையவே இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, "காது ஜோரா இருக்கு. பட்டறைச் சத்தம் வயித்துல இருந்தே பழக்கம், சின்னச் சத்தம்தான் இவனுக்குப் புதுசு. நீங்க கொஞ்சம் மெதுவா பேசிப் பாருங்க" என்றார். நாங்கள் முயன்றோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அந்தச் சைட்டில் இப்போது நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. பல வருடம் கார்மெண்ட்ஸில் தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்ததில் அண்ணிக்குக் காது மந்தமாகிவிட்டது. போன மாதம் நான் போயிருந்தபோது விளக்கேற்றிவிட்டு அந்தக் காயை எடுத்துக் காதோரம் ஆட்டினார். அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் ஆட்டிவிட்டு, பக்கத்து அறைக் கதவைப் பார்த்துக் காத்திருந்தார். உள்ளே கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த பையன், எங்கள் வீட்டுக் குரலில் கத்தினான்: "கேக்குதும்மா!"