டீனெக் அத்தையின் முன்கதவு

டீனெக் அத்தை வீட்டுக்குள் முன்கதவு வழியாக நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஐசல் ஆற்றங்கரையில் எங்கள் ஊரில் அந்தக் கதவு கல்யாணப்பெண் வெளியே வருவதற்கும் சவப்பெட்டி வெளியே வருவதற்கும்தான். மற்ற நாட்களில் சந்துக்குள் திரும்பி, கோழிக்கூட்டைத் தாண்டி, மரச்செருப்புகள் கிடக்கும் பின்வாசலில் தட்டாமல் நுழைந்து "ஓய்!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

அத்தை ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். அம்மா இல்லாத எனக்குப் பள்ளி விட்டதும் அவள் சமையலறைதான் வீடு. யார் வந்தாலும் காபியோடு ஒரே ஒரு பிஸ்கட். டப்பா உடனே மூடிக்கொள்ளும். எனக்கு மட்டும் இரண்டாவது முறை திறக்கும்.

பிறகு கனடா போய்விட்டேன். அத்தையின் கணவர் வெஸ்ஸெல் மாமா இறந்தபோது பனிப்புயலில் விமானம் கிளம்பவில்லை. வசந்தத்தில்தான் வந்தேன். அடக்கத்துக்கு வராதவனை அந்த வீடு இன்னும் தன் பிள்ளையாக நினைக்குமா? பின்வாசலில் நுழையத் தைரியம் வரவில்லை. பூங்கொத்தோடு முன்கதவு மணியை அடித்தேன்.

உள்ளே ஏதோ சரிந்து விழுந்தது. கடிதம் போடும் துவாரத்தில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"யாரது? நாங்க எதுவும் வாங்கறதில்ல."

"நான்தான் அத்தை, ரூலொஃப்."

"அவனுக்குத்தான் வழி தெரியுமே!"

"மாமா அடக்கத்துக்கு வர முடியல... அதான்..."

துவாரத்தின் மூடி ஒருமுறை மூடித் திறந்தது.

"அதுக்கு? விருந்தாளியாயிட்டியா? இங்க மாமா சைக்கிளும் இஸ்திரிப் பலகையும் அடைச்சுக் கெடக்கு. ஆத்துல வெள்ளம் வந்தாக்கூடப் பின்பக்கமாத்தான் வருது, உனக்கென்ன கொம்பா மொளச்சிருக்கு? சுத்தி வாடா!"

எதிர்வீட்டு ஹார்மன் வேலிச்செடி வெட்டுவதை நிறுத்திச் சிரித்தார். "ஏன் தம்பி, கனடாவுல பின்வாசலே கட்டறதில்லையா?"

சந்துக்குள் ஓடினேன். அத்தை பூவை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தாள். காபி ஊற்றினாள். ஒரு பிஸ்கட் கொடுத்து டப்பாவை மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி திறந்தாள்.

சில வருடங்கள் கழித்து, நேற்று அவளை முன்கதவு வழியாக வெளியே தூக்கிக்கொண்டு வந்தோம். சைக்கிளையும் பலகையையும் நான்தான் நகர்த்தினேன். அடக்கம் முடிந்து திரும்பியபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. எல்லோரும் அதன் வழியே நுழைந்தார்கள். நான் மட்டும் சந்துக்குள் திரும்பினேன். பின்வாசலில் நின்று, பழக்கத்தில், "ஓய்!" என்றேன்.

சமையலறையில் ஹார்மன் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி," என்றார். "உங்க அத்தை பிஸ்கட் டப்பாவ எங்க வச்சிருக்கான்னு உனக்குத்தானே தெரியும்."